கோபா செய்தது என்ன பிழை சேர்?

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு வாசிக்கலாம். படம் என்றாலே பிடிக்காத பெரியவர்கள் கடந்து போங்கள், மனவருத்தம் இல்லை.

போன கிழமை தரம் 11இல் பிரான்சியப் புரட்சியை முடித்தோம். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "சேர், பிளெனட் ஒஃப் த ஏப்ஸ் பார்த்தீங்களா? அதில சீசரை விடக் கோபாதான் சரி. மனிசன் அவனைக் கூண்டில போட்டு வெட்டினான், அவன் திருப்பி அடிச்சான். கோபா செய்தது என்ன பிழை சேர்?"

வகுப்பில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். மணியும் அடித்தது. அன்றைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமலில்லை. ஐந்து நிமிடத்தில் சொன்னால் அது புத்திமதியாகப் போய்விடும். புத்திமதி கேட்கிற வயதா தரம் 11?

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. இந்தக் கதையை ஹொலிவூட் இரண்டு முறை சொல்லியிருக்கிறது. 1968 முதல் 1973 வரை ஒரு முறை, 2011 முதல் இன்னொரு முறை. முதல் முறையிலும் கோபா மாதிரி ஒருவன் இருந்தான், பெயர் ஆல்டோ. ஆல்டோவைப் பார்த்து எந்தப் பிள்ளையும் "அவன் செய்தது என்ன பிழை" என்று கேட்டிருக்க முடியாது. கோபாவைப் பார்த்துக் கேட்கிறான். இரண்டாவது முறை கதை நன்றாக வந்ததற்கு எங்களுக்குத் தெரிந்த பெரிய அத்தாட்சி அந்தப் பையனின் கேள்விதான். ஆகவே வரலாற்றை ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம்.

தொடங்க முதல் ஒரு திருத்தம். தமிழ் டப்பிங்கில் எல்லாரையும் "குரங்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். விஞ்ஞான ரீச்சர் கேட்டால் கோபிப்பார். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் வால் இல்லை. இவை மனிதக் குரங்குகள். நம் தென்னந்தோட்டத்தில் ஏறிக் குரும்பட்டி பிடுங்கி எறிகிறாரே, அவர் வேறு குடும்பம்.

கதையை முதலில் எழுதியவர் பியர் பூல் என்ற பிரான்சிய எழுத்தாளர். நாவல் வந்தது 1963இல். அந்த ஆளை நம் நாட்டுக்குக் கொஞ்சம் தெரியும். கித்துல்கலவில் களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி வெடிக்க வைத்து எடுத்த "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" படமும் (1957) அவருடைய நாவல்தான். அந்தப் பாலம் நின்ற இடத்தைப் பார்க்க இன்றும் ஆக்கள் போகிறார்கள். பூல் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப்போரில் இந்தோசீனாவில் பிடிபட்டுக் கைதியாக இருந்து 1944இல் தப்பியவர். அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது ஜப்பானியர் அல்ல, ஜேர்மனிக்குப் பணிந்துபோன பிரான்சிய அரசின் ஆட்கள். தன் சொந்த நாட்டவர். யார் காவலன், யார் கைதி என்பது ஒரே இரவில் தலைகீழாகும் என்று கண்ணால் கண்ட மனிதன் எழுதிய கதை இது.

பூலின் அந்த இரண்டு நாவல்களுக்கும் திரைக்கதையில் கை வைத்த ஒருவரும் இருக்கிறார், மைக்கேல் வில்சன். கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டி ஹொலிவூட் கறுப்புப் பட்டியலில் போட்ட எழுத்தாளர். குவாய் படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தபோது எழுதிய வில்சனின் பெயரும் கார்ல் போர்மனின் பெயரும் திரையில் இல்லை. விருதை வாங்கியவர் ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதவே முடியாத பூல். வில்சனுக்கு அந்த விருதை ஒப்புக்கொண்டது 1984இல், அவர் இறந்து ஆறு வருடத்துக்குப் பிறகு. 1968 படத்தில் உண்மை சொல்ல வந்தவனை விசாரணைக்கு நிறுத்தி வாயடைக்கிற ஒரு காட்சி இருக்கிறது. மூன்று நீதிபதிகளும் ஒராங்குட்டான்கள். ஒருவர் கண்ணை மூடுகிறார், ஒருவர் காதை, ஒருவர் வாயை. அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் விளக்கத் தேவையில்லை.

முதல் படத்தின் கதை பெரும்பாலானோருக்குத் தெரியும். விண்வெளி வீரர் டெய்லர் (சார்ல்டன் ஹெஸ்டன்) ஏதோ ஒரு கோளில் விழுகிறார். அங்கே குரங்குகள் பேசுகின்றன, மனிதர் ஊமையாகக் காட்டில் திரிகிறார்கள். கடைசியில் கடற்கரையில் பாதி புதைந்த சுதந்திரச் சிலையைக் கண்டு, இது நம் பூமியேதான் என்று அவருக்கு விளங்குகிறது. நாவலில் இந்த முடிவு இல்லை, படத்துக்காகச் செய்தது. உலக சினிமாவில் மறக்க முடியாத முடிவுகளில் ஒன்று.

ஆனால் அந்த அதிர்ச்சி யாருடையது? டெய்லருடையது, மனிதனுடையது. குரங்குகளின் நகரம், அவர்களின் சட்டம், அவர்களின் வேதம் எல்லாவற்றையும் பிடிபட்ட ஒரு மனிதனின் கண்ணாலேயே பார்க்கிறோம். கேலி இருக்கிறது, கூர்மை இருக்கிறது. உள்ளே நுழைகிற வழி மட்டும் இல்லை.

படப்பிடிப்பில் நடந்த ஒரு விடயத்தை நடித்தவர்களே பின்னாளில் சொன்னார்கள். ஜோன் சேம்பர்ஸ் செய்த ரப்பர் முகங்களைப் போட எடுக்க மணிக்கணக்கு ஆகும் என்பதால் பகல் சாப்பாட்டையும் முகத்தோடேயே சாப்பிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் யாரும் சொல்லாமலே சிம்பன்சி வேடக்காரர் சிம்பன்சிகளோடும், கொரில்லாக்கள் கொரில்லாக்களோடும், ஒராங்குட்டான்கள் தனியாகவும் போய் இருந்தார்களாம். முகமூடிதான், சம்பளத்துக்குப் போட்டது. அப்படியிருந்தும்! நாங்கள் எத்தனை ஆசிரியர் பயிற்சிப் பட்டறைகளில் இதைப் பார்த்திருக்கிறோம். மத்தியானச் சோற்றுப் பார்சலோடு யார் எந்த மேசைக்குப் போகிறார்கள் என்று.

படம் ஓடியது, தொடர்ச்சிகள் வந்தன. 1970இல் இரண்டாவது படம் வந்தது. அதன் முடிவில் ஒரு குண்டு பூமியையே அழிக்கிறது. பூமியே போனபிறகு கதையை எப்படித் தொடர்வது? 1971இல் மூன்று குரங்குகளைக் காலத்தில் பின்னோக்கி அனுப்பினார்கள், அவர்களில் ஒரு தம்பதிக்குப் பிறந்த பிள்ளைதான் சீசர். இந்த மூன்றாவது படத்தில் ஒரு வசனம் வருகிறது. குரங்கினத்தின் வரலாற்றில் முதல்முதலாக வாய் திறந்து "இல்லை" என்று சொன்ன குரங்கின் பெயர் ஆல்டோ என்று. அந்த "இல்லை"யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

படத்துக்குப் படம் கம்பனி காசைக் குறைத்தது. முதல் படத்துக்குச் சுமார் 58 இலட்சம் டொலர் செலவு, நான்காவதுக்குச் சுமார் 17 இலட்சம். காசு போதாததால் கெட்ட படம் என்று நான்காவதைச் சொல்ல மாட்டோம். "கொன்குவெஸ்ட்" (1972), பழைய வரிசையில் எங்களுக்குப் பிடித்தது. நாய் பூனை எல்லாம் நோயில் செத்துப்போக, மனிதர் குரங்குகளை வளர்த்துப் பிறகு அடிமையாக்குகிறார்கள். வளர்ந்த சீசர் கலகம் செய்கிறான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுச்சியை மனதில் வைத்தே எடுத்தது என்பது பார்த்தவுடன் தெரியும். எடுத்த முடிவில் குரங்குகள் ஆளுநரை அடித்தே கொன்றன. மாதிரிக் காட்சியில் மக்கள் பயந்துபோனதால் கம்பனியும் பயந்தது. புதிதாக எடுக்கக் காசில்லை. ஏற்கெனவே எடுத்த சீசரின் கண்களைப் பெரிதாக்கிப் போட்டு, அதன் மேல் "நாம் இரக்கம் காட்டுவோம்" என்ற பாணியில் ஒரு பேச்சை டப்பிங் செய்து ஒட்டினார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் தீயைப் பற்றிப் பேசியவன் திடீரென்று மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறான். ஏன் மாறினான்? ஒட்டிய இடம் பல்லிளிக்கிறது.

ஐந்தாவது, "பற்றில்" (1973). நாங்கள் பேச வந்த ஆல்டோ இங்கேதான். இப்போது குரங்குகளும் மனிதர்களும் ஒரே குடியிருப்பில் வாழ்கிறார்கள். ஒரு மனித ஆசிரியர் குரங்குகளுக்கு எழுதப் படிப்பிக்கிறார். (எங்கள் தொழிலைக் காட்டிய ஏப்ஸ் படம் என்பதால் இதற்கு எங்களிடம் தனிச் சலுகை உண்டு.) கொரில்லாத் தளபதி ஆல்டோவுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது. எழுதிய தாளைக் கிழிக்கிறான். ஆசிரியர் தன்னை மறந்து "இல்லை!" என்று கத்திவிடுகிறார். அடிமைக் காலத்தில் குரங்குகளை அடக்கிய சொல் அது, எந்த மனிதனும் குரங்கிடம் அதைச் சொல்லக்கூடாது என்பது சட்டம். கொரில்லாக்கள் வகுப்பையே உடைத்து எறிகின்றன. நல்ல காட்சி. ஆனால் படம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆல்டோ ஏன் இப்படி? கொரில்லா என்றால் அப்படித்தான். முரடன், தளபதி, ஆயுத ஆசை, அவ்வளவுதான். குரங்கு குரங்கைக் கொல்லாது என்ற முதற்சட்டத்தை மீறி அவன் சீசரின் சின்ன மகன் இருந்த மரக்கிளையை வெட்டி விழுத்துகிறான். உண்மை வெளியே வந்ததும் முழுக் கூட்டமும் அவன்மீது திரும்புகிறது. கடைசியில் மரத்திலிருந்து விழுந்து சாகிறான். கெட்டவன் செத்தான், கூட்டம் நல்ல கூட்டம், படம் முடிந்தது.

அதன்பின் 1974இல் ஒரு தொலைக்காட்சித் தொடர், 14 அத்தியாயங்களோடு நின்றது. 2001இல் டிம் பேர்ட்டன் முதற்கதையைப் புதிதாக எடுத்தார். முகமூடிகள் அபாரம். கதை? முடிவைப் பார்த்தவர்கள் இன்றும் ஒருவரையொருவர் அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வசூல் மோசமில்லை, ஆனாலும் அந்தப் பாதையில் கம்பனி அடுத்த படம் எடுக்கவில்லை.

2011இல் வந்த "ரைஸ்" படத்தை நாங்கள் அடுத்த வருடம் கல்வியியற் கல்லூரி விடுதியில், ஒரு லப்டொப்பைக் கதிரையில் வைத்து, நாலு பேர் கட்டிலில் குந்திப் பார்த்தோம். மூன்று பேர் எழுவான்கரை, ஒருவன் படுவான்கரை. தமிழ் டப்பிங், சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கம்.

திரைக்கதை எழுதிய ரிக் ஜபாவும் அமண்டா சில்வரும் கணவன் மனைவி. அவர்கள் செய்த பெரிய மாற்றம், கதையின் தொடக்கத்தை மாற்றியது. விண்கலம் இல்லை, காலப்பயணம் இல்லை. ஒரு விஞ்ஞானி தன் தகப்பனின் மறதி நோய்க்கு மருந்து தேடுகிறார். பரிசோதனைச் சிம்பன்சியின் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கிறார். அந்தப் பிள்ளை, சீசர், மேல்மாடி அறையின் வட்ட ஜன்னலால் தெருவைப் பார்த்து வளர்கிறது. வளர்த்த வீட்டுப் பெரியவரைப் பக்கத்து வீட்டுக்காரன் அதட்டும்போது சீசர் பாய்ந்து கடிக்கிறான். நீதிமன்றம் அவனைக் குரங்குக் காப்பகத்துக்கு அனுப்புகிறது. அங்கே கூண்டுச் சுவரில் அந்த வட்ட ஜன்னலை வரைந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு ஒருநாள் அதைக் கையால் அழிக்கிறான். ஒரு வசனமும் இல்லை. 1972இல் டப்பிங் பேச்சால் முடியாத மனமாற்றத்தை ஒரு சுவர்ச் சித்திரம் செய்துவிட்டது.

காவலன் மின்சாரத் தடியை ஓங்குகிறான். சீசர் கையைப் பிடித்து, முதல்முதலாக வாய் திறந்து சொல்கிறான்: "இல்லை!" பழைய படத்தில் கதையாகக் கேள்விப்பட்ட அந்தச் சொல் இங்கே கண்முன்னே பிறக்கிறது. விடுதி அறையில் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒருவன் மட்டும் "என்னடா மச்சான் இது" என்றான்.

தொழில்நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ரப்பர் முகத்துக்குப் பதிலாக, நடிகர் அன்டி சேர்கிஸ் முகம் முழுக்கப் புள்ளிகளும் தலையில் பொருத்திய சிறு கமெராவுமாக நடிக்க, நியூசிலாந்தின் வேட்டா நிறுவனம் அந்த அசைவை எடுத்துச் சிம்பன்சியின் முகத்தில் ஏற்றியது. உண்மையான குரங்கு ஒன்றுகூடப் படத்தில் இல்லை. இதனால் கிடைத்த இலாபம் வித்தை காட்டியது இல்லை. முகமூடிக்குள் இருக்கும் நடிகர் உணர்ச்சி தெரிய வேண்டுமென்றால் பேசியே ஆகவேண்டும். புதிய சீசருக்குக் கண் போதும். அதனால்தான் ஒரு சொல்லும் பேசாத மணித்தியாலத்துக்குப் பிறகு வரும் அந்த ஒரு சொல் இடிபோல் விழுகிறது.

நம் தமிழில் இப்படி ஒரு வரிசையைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கிய விஞ்ஞானப் படம் இல்லை. ஷங்கரின் "எந்திரன்" (2010), "2.0" (2018) இரண்டும் ஒரே கதையின் தொடர்ச்சி. ஆனால் ஒரு விடயத்தில் ஒப்பிடலாம். எந்திரனில் சிட்டி ரொபோ முழு வில்லனாவது உள்ளே ஒரு சிவப்புச் சிப்பை வைத்ததால். சிப்பை எடுத்தால் நல்லவன். 2.0இல் வரும் பக்ஷிராஜன் பறவைகள் சாவதைத் தாங்காமல் கைபேசிக் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொண்ட ஒரு கிழவர். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. படமாக எந்திரன்தான் எங்களுக்குப் பிடிக்கும், பலருக்கும் அப்படித்தான். ஆனால் வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குச் சிவப்புச் சிப் ஒரு சோம்பேறிப் பதில். ஆல்டோவும் சிவப்புச் சிப்தான்.

இப்போது கோபா.

"டோன்" 2014 ஜூலையில் வந்தது. அதற்கு முந்திய மாதம் அளுத்கமையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. நாங்கள் படத்தைப் பார்த்தது வருடக் கடைசி விடுமுறையில், படுவான்கரை நண்பனின் வீட்டில். மட் ரீவ்ஸ் இயக்கியது. முதற்படத்தின் மருந்திலிருந்து பரவிய வைரஸால் மனிதர் பெரும்பாலும் அழிந்து பத்து வருடம் கழிந்துவிட்டது. காட்டில் சீசரின் ஊர். எதிரே இடிந்த சான் பிரான்சிஸ்கோவில் மிஞ்சிய மனிதர்களின் ஊர். நடுவே ஒரு பாலம். மனிதருக்கு மின்சாரம் வேண்டும், அணைக்கட்டு இருப்பதோ குரங்குகளின் காட்டில். மால்கம் என்பவர் சின்னக் குழுவோடு அனுமதி கேட்டு வருகிறார். சீசர் கொடுக்கிறான்.

கோபா எதிர்க்கிறான். மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்யட்டும் என்று சீசர் சொன்னதும் கோபா தன் உடம்பிலுள்ள தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுகிறான். இது மனிதனின் வேலை. இதுவும் மனிதனின் வேலை. ஆய்வுகூடத்தில் வெட்டப்பட்ட கண், வெட்டப்பட்ட வயிறு. அந்த இடத்தில் சீசரிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

இங்கே நிறுத்தி நம் கதைக்கு வர வேண்டும். 1990இல் நாங்கள் கைக்குழந்தைகள். அந்த வருடத்தை நாங்கள் காணவில்லை, கேட்டு வளர்ந்தோம். ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, காத்தான்குடியில் இஷாத் தொழுகை. 11ஆம் திகதி இரவு ஏறாவூர். 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ்ச் சனம். பத்து நாளுக்குள். எங்கள் உம்மாவின் அலுமாரியில் அன்றிலிருந்து மடித்தபடியே ஒரு சாரன் இருக்கிறது. யாரும் உடுத்துவதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை. நண்பன் வீட்டிலும் அந்த வருடத்தில் போய் வராத ஒருவர் இருக்கிறார். நான்கு வருடம் பழகியும் இதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை. புட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடையில் சொல்வார்கள், அது மேடைக்கு.

கோபா தழும்பைக் காட்டியபோது நண்பன் திரையைப் பார்த்தபடியே சொன்னான், "எங்கட பக்கத்திலயும் இவன் இருந்தான்." கொஞ்சம் பொறுத்து நாங்களும் சொன்னோம், "எங்கட பக்கத்திலயும்." அவ்வளவுதான் பேச்சு. அன்றிரவு அவன் உம்மா வைத்த வாவி மீன் குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்தோம்.

இனிப் பையனின் கேள்வி. கோபா சொல்வது பொய்யா? இல்லை. நகரத்தில் மனிதர் ஆயுதக் கிடங்கைத் திறந்து துப்பாக்கிகளைச் சரிபார்ப்பதை அவன் கண்ணாலேயே காண்கிறான். அணைக்கு வந்த குழுவில் ஒருவன் கருவிப் பெட்டிக்குள் துப்பாக்கி ஒளித்துவைத்தது உண்மை. கோபாவின் தகவல் எல்லாம் சரி. படத்தின் துணிவு இதில்தான். வெறுப்பவனை அது பொய்யனாக அறிமுகப்படுத்தவில்லை.

அவன் செய்வதைப் பாருங்கள். ஆயுதக் கிடங்கின் காவலாளிகளிடம் சர்க்கஸ் குரங்கு மாதிரி பல்லை இளித்துக் குட்டிக்கரணம் போட்டுத் துப்பாக்கியைக் கைப்பற்றுகிறான். அதே துப்பாக்கியால் இரவில் மறைந்திருந்து சீசரைச் சுடுகிறான். மனிதனின் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி, சுட்டது மனிதர் என்கிறான். ஊர் தீப்பற்றி எரிகிறது. 1973இல் குற்றம் வெளிப்பட்டவுடன் கூட்டம் நீதி கேட்டது. 2014இல் கூட்டம் மனதார நம்பிக் குதிரை ஏறுகிறது. கண்ணீரோடு போருக்குப் போகிறவர்களில் கெட்டவன் யாருமில்லை. அந்த ஓகஸ்டில் எந்த வதந்தி எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று நம் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வெற்றிக்குப் பிறகு நகர மண்டபத்தில் நிராயுதபாணியான ஒரு மனிதனைக் கொல்லும்படி ஆஷ் என்ற இளம் குரங்குக்குக் கோபா கட்டளையிடுகிறான். படத் தொடக்கத்தில் மனிதனிடம் சூடு வாங்கியவனே இந்த ஆஷ். பழி தீர்க்க அவனை விட யாருக்கு உரிமை? அவன் மறுக்கிறான், சீசர் இதை விரும்பமாட்டார் என்று. கோபா அவனை மாடியிலிருந்து தூக்கி எறிகிறான். சீசருக்கு விசுவாசமான மொறிஸையும் மற்றவர்களையும் அடைத்து வைக்கிறான். கூண்டில் வளர்ந்தவன் திறந்த கூண்டு, உள்ளே போனது சொந்த இனம்.

மனிதர் பக்கத் தலைவர் ட்ரைஃபஸுக்கும் படம் ஒரு காட்சி வைத்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் அணைந்து கிடந்த டெப்லெட் எரிகிறது. இறந்துபோன பிள்ளைகளின் படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அந்தப் பெரிய மனிதர் தனியே இருந்து அழுகிறார். அதே மனிதர்தான் பிறகு கட்டடத்தைத் தன்னோடு சேர்த்து வெடிக்க வைக்கிறார்.

கடைசியில் கோபா கோபுரத்தில் தொங்குகிறான். குரங்கு குரங்கைக் கொல்லாது என்று சட்டத்தைச் சொல்லி உயிர் கேட்கிறான். நீ குரங்கே இல்லை என்று சொல்லிச் சீசர் கையை விடுகிறான். முதல்முறை பார்த்தபோது கைதட்டினோம். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தக் காட்சி வேறுமாதிரித் தெரிகிறது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்புக்குப் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. நாம் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னோம், அவன் நம்மவன் இல்லை, அவன் முஸ்லிமே இல்லை. சொல்லவேண்டிய வாக்கியம்தான், பாதுகாப்புக்கும் தேவைப்பட்டது. ஆனால் அவன் நம் தெருவில் நடந்தவன், நம் பள்ளிக்கூடங்களில் படித்தவன். நீ குரங்கே இல்லை என்று சொன்னதால் கோபா வளர்ந்த காடு வேறு காடாகிவிடவில்லை.

இதை எடுத்தவர்களும் அறிந்திருக்கிறார்கள். 2017இல் வந்த "வோர்" படத்தில் மனைவியையும் மகனையும் இழந்த சீசர் பழிவாங்கப் புறப்படுகிறான். கனவில் கோபா வருகிறான். நீ கோபா மாதிரிப் பேசுகிறாய் என்று மொறிஸ் முகத்துக்கு நேரே சொல்கிறான். ஒருவன் விழுந்த மரணத்துக்கு ஒரு முழுப் படமே கணக்குக் கேட்கிறது. 1973இல் ஆல்டோ விழுந்தபோது, ஒரு கொலைக்கு இன்னொரு கொலையா என்ற கேள்வி ஒரு வரியில் வந்து போனதுதான் மிச்சம். 2024இன் "கிங்டம்" பல தலைமுறைக்குப் பிந்திய கதை. ஒரு அரசன் சீசரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு, ஒற்றுமைக்குச் சொன்ன வார்த்தையை ஆள்பிடிக்கும் சுலோகமாக்குகிறான். அதைப்பற்றித் தனியாக எழுத வேண்டும்.

புதிய வரிசையில் குறை இல்லையா? இருக்கிறது. பெண்களுக்கு வேலையே இல்லை. சீசரின் மனைவி இரண்டு படத்தில் வருகிறாள், பத்து அசைவு தேறாது. 1968இன் சீரா என்ற பெண் சிம்பன்சி விஞ்ஞானியின் வாய்த்துடுக்கில் கால்வாசிகூடப் புதிய படங்களில் யாருக்கும் இல்லை. சிரிப்பும் போய்விட்டது. அந்த மூன்று நீதிபதிக் காட்சி மாதிரி ஒரு கேலியைப் புதிய படங்கள் எடுக்கவே முடியாது, அவ்வளவு இறுக்கம்.

நேற்று மறுபடியும் தரம் 11. கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி இதில் பாதியைச் சொன்னோம். பையன் விடவில்லை. "சரி சேர், அப்ப கோபாவை வெட்டின ஆக்களுக்கு என்ன நடந்த? அவங்களச் சும்மா விடுறதா?"

நல்ல கேள்வி. முதற்படத்தின் முடிவை ஞாபகப்படுத்தினோம். ஆய்வுகூடத்தை நடத்திய கம்பனித் தலைவர் கோல்டன் கேட் பாலத்தில் உடைந்த ஹெலிகொப்டருக்குள் தொங்கிக்கொண்டு உதவி கேட்பார். தள்ளிவிட்டது கோபா. டோன் படம் தொடங்க முதலே, பத்து வருடத்துக்கு முன்பே, அந்தக் கணக்கு முடிந்துவிட்டது.

பையன் கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப அணைக்கட்டுக்கு வந்த ஆக்கள் ஆரு சேர்?"

"கரண்ட் இல்லாத ஆக்கள்" என்றோம்.